நாலுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில்

ஜூன் 11, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டேன். மணி ஒன்பதரை, வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது. விடுதிப் பெண் திரைச்சீலையை இழுத்துக் காட்டி, ஜூன் மாதம் முழுக்க இப்படித்தான், மூடாவிட்டால் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் மூடவில்லை. வெளியே ஏரி. அலை இல்லை. நீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடப்பதால் எது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு படகு ஆகாயத்தில் நிற்பதுபோல் நிற்கிறது.

பெட்டியில் புதிய மாடல் சர்க்யூட் போர்டு ஆறு, சிரிஞ்ச் பம்ப் மூன்று, சிரிஞ்சுகள், கேபிள்கள். மீதி இடத்தில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும். சுங்கத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில், நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற இயந்திரம் இது; கோயம்புத்தூரில் நாங்கள் செய்கிறோம்; தரப் பரிசோதனை என் பொறுப்பு என்றேன். விட்டுவிட்டார்கள்.

கைப்பையில், துவாலையில் சுற்றி, பழைய மாடல் போர்டு இரண்டு. பயணப் பட்டியலில் இவை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எடுத்து வந்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 12, திங்கள்

துகள்முடுக்கி ஆய்வகத்தில் இன்று முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறு வில்லை கொடுத்தார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும்.

எங்கள் சோதனை அறைக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது, ஒரு பெண்மணி வந்து என் பெயர் அட்டையைப் பார்த்து, "பூங்கோதை. தமிழோ?" என்றார். எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. தர்மினி. சாவகச்சேரியில் பிறந்தவர், ஒன்பது வயதில் பெற்றோருடன் இந்த நாட்டுக்கு வந்தாராம். என் வயதுதான் இருக்கும், நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து. குட்டையாக வெட்டிய முடி, பெரிய பூட்ஸ். இந்த ஊரில் தமிழ் பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

என் சாமான்களைப் பிரித்துப் பட்டியலோடு சரிபார்த்தார். துவாலையைப் பிரித்ததும் நிமிர்ந்தார்.

"இந்தப் பழைய போர்ட் ரெண்டும் லிஸ்டில இல்லையே. ஏன் கொண்டந்தனீங்கள்?"

ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். பட்டியலின் கடைசியில் கையால் எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

ஜூன் 13, செவ்வாய்

முதல் நாள் சோதனை. காலை எட்டு முதல் மாலை நாலு வரை எங்கள் முறை.

அறைக்குள் போர்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, சிவப்பு லேசர் புள்ளி சரியாகச் சிப்பின் நெற்றியில் விழும்படி திருகினோம். போர்டோடு பம்ப், பம்ப்பில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்ச், குழாயின் நுனிக்குக் கீழே கண்ணாடிக் குவளை, குவளைக்கு எதிரே ஒரு கேமரா. பிறகு தர்மினி அறையை மூலை மூலையாகச் சுற்றிவந்து, உள்ளே யாரும் இல்லை என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொத்தானை அழுத்தினார். வளைந்து வளைந்து போகும் கான்கிரீட் சந்து வழியாக வெளியே வந்தோம். கதவு மூடி, சாவியைத் திருகி எடுத்த பிறகுதான் முடுக்கியின் துகள் கற்றை திறக்கும்.

திறந்தது. ஒன்றுமே ஆகவில்லை. சத்தம் இல்லை, ஒளி இல்லை. திரையில் ஒரு எண் மட்டும் ஓட ஆரம்பித்தது. கேமராவில் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

மதி போனில் கேட்டார், அப்படி என்னதான் செய்கிறீர்கள் அங்கே என்று. என் கணவருக்குக் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் வேலை. அவருக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தேன். வானத்திலிருந்து நம்மீது ஒரு மழை எப்போதும் பெய்துகொண்டிருக்கிறது. நியூட்ரான் என்ற துகள்கள். கூரையையும் நம்மையும் துளைத்துக்கொண்டு போகும், நமக்குத் தெரியாது. ஆனால் எப்போதாவது ஒன்று, ஒரு சிப்பின் உள்ளே சரியான இடத்தில் மோதினால், அது நினைவில் வைத்திருக்கும் ஓர் எண் மாறிவிடும். சிப் கெட்டுப்போகாது. எண் மட்டும் மாறும். அடுத்த முறை அணைத்துப் போட்டால் எந்தத் தடயமும் இருக்காது. வெளியே பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கக்கூடிய இதை இங்கே துகள்முடுக்கியால் நெருக்கிப் பெய்யவைக்கிறார்கள். இங்கே ஒரு மணி நேரம் நின்றால், தரையில் பத்தாயிரம் வருடம் நின்ற மாதிரி.

"அப்ப நீ காலையிலிருந்து எண்பதாயிரம் வருஷம் உட்கார்ந்திருக்கே," என்றார்.

ஆமாம். நடுவில் இரண்டு முறை டீ குடித்தேன்.

ஜூன் 14, புதன்

முடுக்கி பழுது. முடுக்கிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் ஒன்று நின்றுவிட்டதாம். காலை பத்துக்குச் சரியாகும் என்றார்கள், பிறகு பன்னிரண்டுக்கு, பிறகு நாளைக்கு.

துணி துவைத்தேன். விடுதியின் பின்னால் கொடி கட்டியிருந்தது. ஏரிக் காற்றில் என் சுடிதார் தானாக நடப்பதுபோல் அசைந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது போகிறதா நிற்கிறதா என்று தெரியாத வெளிச்சம்.

உணவகத்தில் தர்மினி வந்து உட்கார்ந்தார். உயரம் கூடக் கூட இந்த மழையும் கூடும் என்று பேச்சு வந்தது. விமானத்தில் பல நூறு மடங்கு. மலையூர்களிலேயே கணிசமாகக் கூடும் என்றார். ஆயிரத்து எண்ணூறு மீட்டரில் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று நான் சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்கட ஊர் மலையோ என்று கேட்டார். இல்லை, சமவெளி என்றேன். வேறு பேச்சுக்கு மாறிவிட்டோம்.

தலைவலி. கடைவீதியில் மருந்துக்கடைக்குப் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி, தலை குனிந்து, மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் வாங்காமல் வந்துவிட்டேன். தூங்கினால் சரியாகும்.

ஜூன் 15, வியாழன்

கற்றை வந்துவிட்டது. புதிய போர்டுகள் ஆறும் முடிந்தன. எண் மாறும்போதெல்லாம் பம்ப் உடனே நின்று, மணி அடித்து, ஆளைக் கூப்பிட்டது. அப்படித்தான் அவை செய்ய வேண்டும். கோயம்புத்தூருக்குச் செய்தி அனுப்பினேன். எங்கள் தொழில்நுட்ப இயக்குநர் வேங்கடபதி சார் உடனே அழைத்து, ரொம்பச் சந்தோஷம், வெளிநாட்டு ஆர்டருக்கு இந்தச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி, வேலை முடிந்துவிட்டதே, இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

சரி என்றேன். பழைய போர்டுகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 16, வெள்ளி

நடந்ததை நேர வரிசையில் எழுதுகிறேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

9.10. பழைய மாடல் முதல் போர்டைத் தாங்கியில் ஏற்றினோம். வேகம் எவ்வளவு வைக்க என்று தர்மினி கேட்டார். மணிக்கு நாலு மில்லி என்றேன். புதிய போர்டுகளைப் பத்தில் ஓட்டினோமே என்றார். இதற்கு நாலு என்றேன்.

9.40. கற்றை திறந்தது.

அதன்பின் மதியம் வரை ஒன்றும் இல்லை. சிறு சிறு பிழைகள். திரையில் ஒரு எழுத்து மாறியது, ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. இரண்டு முறை போர்டு தானாக நின்று மறுபடி தொடங்கியது. குழாய் நுனியில் சொட்டு திரளும், தொங்கும், விழும். நாலு மில்லி என்றால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு சொட்டு. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருப்பது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. பத்தாயிரம் வருடம், இருபதாயிரம், முப்பதாயிரம். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிகிறது என்று கணக்குப் போட்டேன். அந்தச் சொட்டுக்குள் அறை முழுக்கத் தலைகீழாகத் தெரிந்தது.

2.52. ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது உடனே விழுந்தது. நடுவில் கவனம் தப்பிவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, மழை நின்ற பிறகு கூரை விளிம்பில் சொட்டுவதுபோல், நிற்காமல்.

மணி அடிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. பம்ப் அமைதியாக, சொன்னபடி செய்கிற நல்ல இயந்திரம்போல், ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில் 36 என்று இருந்தது.

நாலு இருந்த இடத்தில் முப்பத்தாறு. அதன் சொந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதலில் போட்ட நாலு அதில் இல்லை. காலையிலேயே யாரோ முப்பத்தாறில் வைத்ததுபோலப் பதிவு இருந்தது.

தர்மினி கற்றையை மூடினார். சந்து வழியாக உள்ளே போக அனுமதி வர இருபது நிமிடம் ஆயிற்று. குவளையைக் கையில் எடுத்தேன். வெறும் தண்ணீர்.

ஜூன் 17, சனி

இரண்டாவது பழைய போர்டு. மதியத்துக்குள் மூன்று முறை எண் மாறியது. ஒருமுறை வேகம் குறைந்து பூஜ்யமானது. ஒருமுறை 5 ஆனது. கடைசி முறை 132. மூன்று முறையும் பம்ப் யாரையும் கூப்பிடவில்லை.

நாலு மணிக்கு எங்கள் முறை முடிந்தது. கதிர் பட்ட போர்டுகள், அவற்றின் கதிர்வீச்சு அடங்கும் வரை, சில வாரம் ஈயப் பெட்டியில் இருக்க வேண்டும். கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். பிறகு தபாலில் அனுப்புவதாகச் சொன்னார் தர்மினி. பெட்டியை மூடிவிட்டு, "வாங்கோ, கொஞ்சம் நடப்பம்," என்றார்.

ஏரியைச் சுற்றி மரப்பலகை போட்ட பாதை. நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தேன். யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இங்கே எழுதியும் வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நீலகிரியில் ஒரு தனியார் மருத்துவமனை. போஜன் என்று ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ரத்த அழுத்தம் இறங்கிப்போய்ச் சேர்த்திருந்தார்கள். அழுத்தத்தை ஏற்றும் மருந்தை எங்கள் பம்ப்பில் மணிக்கு நாலு மில்லி ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். மாலை நாலு மணிக்கு நர்ஸ் வேகத்தை வைத்தாள். நாலே முக்காலுக்கு அவர் இறந்துவிட்டார். பம்ப்பின் பதிவேட்டில் 68 என்று இருந்தது.

நர்ஸின் பெயரை எழுதுகிறேன். ஜெபக்கனி. இருபத்தேழு வயது அப்போது.

நான் நாலுதான் போட்டேன் என்று அவள் சொன்னாள். விசாரணைக்குப் பம்ப்பைப் பரிசோதித்துத் தரச் சொல்லி எங்களிடம் கேட்டார்கள். நான் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அறுபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பக்கத்துப் படுக்கை நோயாளியின் சீட்டை வரவழைத்துப் பார்த்தேன். அவருக்கு வேறொரு மருந்து, மணிக்கு 6.8. இரண்டு நோயாளிகளையும் குழப்பிக்கொண்டு, புள்ளியையும் விட்டுவிட்டாள் என்று எழுதினேன். கண்டுபிடித்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அறிக்கையின் கடைசி வரி: இயந்திரப் பிழைக்கு வாய்ப்பில்லை. கீழே என் கையெழுத்து.

அவளுடைய வேலை போயிற்று. நர்ஸாகப் பணியாற்றும் பதிவையும் நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த வருடம் புதிய மாடலுக்காக இந்த நியூட்ரான் விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். இயந்திரம் ஒரு எண்ணை எட்டுச் சிறு விளக்குகளின் வரிசையாக வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மதிப்பு: ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். நாலு என்றால் நாலுக்கான விளக்கு மட்டும் எரியும். அறுபத்து நாலுக்கான விளக்கும் தப்பி எரிந்தால், அறுபத்தெட்டு. ஒரே ஒரு விளக்கு. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது இது தோன்றியது. கத்தியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்து நறுக்கி முடித்தேன். அதன்பின் ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

போன மார்கழியில், விசாரித்துக்கொண்டு போய், ராமநாதபுரம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் அவளைப் பார்த்தேன். கவுன்ட்டரில் நின்று மாத்திரை கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

பாதை வளையும் இடத்தில் தர்மினி நின்றார். பிறகு சொன்னார்: "இதை வச்சு, அண்டைக்கு அதுதான் நடந்ததெண்டு சொல்லேலாது, பூங்கோதை. நடந்திருக்கலாமெண்டு மட்டும்தான் சொல்லலாம்."

தெரியும் என்றேன்.

"ஆனா நீங்கள் எழுதினது நடக்கவே ஏலாதெண்டு."

அதுவும் தெரியும்.

பலகையில் உட்கார்ந்தோம். சாயாத மாலை வெயிலில் வாத்துகள் போயின.  நான் அழுது முடிக்கும் வரை அவர் பக்கத்தில் இருந்தார். மறுநாள் எனக்கு வழியில் சாப்பிட இட்லி அவித்துத் தருவதாகச் சொன்னார். இந்த ஊரில் உளுந்து கிடைக்கிறதாம்.

ஜூன் 18, ஞாயிறு

விமானம். முப்பத்தெட்டாயிரம் அடி என்று முன்னிருக்கைத் திரை சொல்கிறது. இங்கே அந்த மழை இன்னும் பலமாகப் பெய்கிறது. எல்லோரும் போர்வைக்குள் தூங்குகிறார்கள்.

ஜூன் 21, புதன்

அலுவலகம். அறிக்கையை இரண்டு பகுதியாக எழுதி வேங்கடபதி சாரிடம் கொடுத்தேன். பழைய போர்டுகளைப் பற்றிய இரண்டாவது பகுதியைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா படுத்திருந்தபோது தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்.

"பூங்கோதைம்மா, நம்மகிட்டக் கேட்டது புதுசுக்கு மட்டுந்தானுங்களே," என்றார்.

ஆமாம் என்றேன்.

அப்புறம் அவர் சொன்னது இதுதான். பழைய பம்ப் நாலாயிரம் ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் கோளாறு என்று நாம் சொன்னால் ஒரே நாளில் எல்லோரும் நிறுத்துவார்கள். மாற்று இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளில், கையால் சொட்டு எண்ணி ஏற்றுவார்கள். அதில் எத்தனை பேர் போவார்கள் என்று உங்கள் நியூட்ரான் சொல்லுமா? லட்சத்தில் ஒன்றுக்காக இதைச் செய்யலாமா?

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

அவருக்குப் பதிலை இன்றும் எழுதவில்லை.

ஜூலை 3, திங்கள்

ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் வேலை செய்தேன். பழைய பம்ப்பை நிறுத்தத் தேவையில்லை. உள்ளே உள்ள மென்பொருளை மாற்றினால் போதும். வேகத்தை ஓரிடத்தில் வைப்பதற்குப் பதில் மூன்று இடங்களில் வைத்து, நொடிக்கு ஒருமுறை மூன்றும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று மாறினால் நின்று மணி அடிக்க வேண்டும். எங்கள் சர்வீஸ் ஆட்கள் ஒரு பம்ப்புக்குக் கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். இதையும் எழுதிக் கொடுத்தேன். அவருடைய கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

பின்னர் வேறொரு கடிதம் எழுதினேன். மருத்துவமனைக்கும், நர்ஸ்கள் பதிவு மன்றத்துக்கும், விசாரணை அதிகாரிக்கும். மூன்று பிரதி. "இயந்திரப் பிழைக்கு வாய்ப்பில்லை என்று நான் எழுதியது தவறு. வாய்ப்பு உண்டு. சோதனை முடிவுகளை இணைத்துள்ளேன். எந்தப் பிழை நடந்தது என்பதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்துப் படுக்கை பற்றி நான் எழுதியது என் ஊகம், சான்று அல்ல."

அனுப்பும் முன் மதியிடம் காட்டினேன். படித்துவிட்டு, வேலை போகுமா என்றார். போகலாம் என்றேன். நானே பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜூலை 19, புதன்

வேலை போகவில்லை. என் கையெழுத்து போயிற்று. இனி எந்தப் பம்ப்பும் வெளியே போக என் ஒப்புதல் தேவையில்லை. பயிற்சிக் கையேடுகள் எழுதும் பிரிவில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. வேங்கடபதி சார் என் பக்கம் பார்ப்பதில்லை. ஆனால் நேற்று முதல் சர்வீஸ் வண்டிகள் கிளம்பத் தொடங்கியிருக்கின்றன, முதலில் மலையூர்களுக்கு. அந்த உத்தரவில் இருப்பது அவர் கையெழுத்து.

இன்று மேசையில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண் அயர்ந்தேன். ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. விழித்துப் பார்த்தால் வெளியே உண்மையான மழை.

ஜூலை 30, ஞாயிறு

ராமநாதபுரம் மருந்துக்கடைக்குப் போனேன். இந்த முறை உள்ளே போனேன். கூட்டம் இல்லை. யார் என்று சொன்னதும் ஜெபக்கனி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என் பெயர் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அந்த அறிக்கையை வைத்திருக்கிறாள்.

முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து பேக்கரிக்கு வந்தாள். மன்றத்திலிருந்து மறுவிசாரணைக் கடிதம் வந்திருக்கிறதாம். ஏன் என்று புரியவில்லையாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியை, கான்கிரீட் அறையை, குவளையை, முப்பத்தாறை. மேசையில் தண்ணீர் தொட்டு எட்டு வட்டம் போட்டு, விளக்குகளைக் காட்டினேன். அவள் வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

"அப்போ நான் நாலுதான் போட்டேனாக்கா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"தெரியாது, ஜெபக்கனி. போட்டிருக்கலாம். போடலைன்னு நான் எழுதினதுதான் தப்பு."

அவள் தலையாட்டினாள். "மொத ஆறு மாசம் நாலுதான்னு சத்தியம் பண்ணுவேன்," என்றாள். "பொறவு எனக்கே தெரியல. கண்ண மூடுனா என் வெரலு அறுபத்தெட்ட அமுக்குது. நடக்காதத எல்லாம் பாக்க ஆரம்பிச்சிட்டேன். நீங்க அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். டீ ஆறிவிட்டது. எழுந்திருக்கும்போது, போஜனின் மனைவிக்கு இது தெரியுமா என்று கேட்டாள். மருத்துவமனை சொல்லியிருக்கும் என்றேன். "காயிதமா?" என்றாள். பிறகு, தனியாகப் போக இரண்டு வருடமாகத் தைரியம் வரவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் முதல் பஸ். நானும் ஜெபக்கனியும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். மலை ஏற ஏறக் காது அடைத்தது. ஒரு வளைவுக்குப் பிறகு மேகத்துக்குள் போய்விட்டோம். தேயிலைச் சரிவுகள் வெள்ளைக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. பஸ் நகர்கிறதா, மலை நகர்கிறதா தெரியவில்லை.

போஜனின் வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் மனைவியின் பெயர் மாதி. வெள்ளை முண்டு, வெள்ளைத் தலைத்துணி. எங்களை உட்காரவைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், எட்டு விளக்கு எதுவும் இல்லாமல். உங்கள் கணவர் இறந்தது இந்தப் பெண்ணின் தவறு என்று நான் எழுதினேன். எங்கள் இயந்திரத்தின் தவறாகவும் இருக்கலாம். எது என்று இனித் தெரியாது. அவ்வளவுதான்.

மாதி அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஜெபக்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு ஓடி வந்து அவர் நெஞ்சை அழுத்தினா," என்றார். "டாக்டர் வந்து போதும்னு சொன்ன பின்னும் விடல. கை நோவுதா கண்ணுன்னு நான்தான் இழுத்தேன். இதை எங்கே வேணா சொல்றேன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். என்னை யாருமே கூப்பிடல."

என்னைக் குறை சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் பக்கத்துப் படுக்கைச் சீட்டு வரை வரவழைத்த நான், இந்த வீட்டின் விலாசத்தைக் கேட்டிருக்கவில்லை.

அவர் எழுந்து வந்து ஜெபக்கனியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். மேகம் முற்றம் வரை வந்திருந்தது. உள்ளே இருவரும் அழுவது கேட்டது, பிறகு பேசுவது கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் வரை நிற்கலாம் என்று நின்றேன்.